தஞ்சாவூர்ப் படம் வாங்குவது: காரட் கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: அக்டோபர் 14

தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீர்வரிசையில் ஒரு நவநீத கிருஷ்ணன் படம் வைக்கலாம் என்று மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் வந்து கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர் படத்தில் ஒட்டும் தங்கத் தாளை 24 காரட் ரேக்கு என்கிறார். அடுத்தவர் 22 காரட்தான் முறை என்கிறார். ஒரே அளவுப் படம், ஒரே கிருஷ்ணன், விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிளைவுட்டில் செய்ததெல்லாம் ஒரிஜினலே இல்லை என்று கூட வந்த அண்ணன் வேறு பயமுறுத்துகிறார். எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

அக்டோபர் 14, இரவு

காரட்டை அப்புறம் பார்க்கலாம் அக்கா. முதலில் பார்க்க வேண்டியது தங்கத்துக்கு அடியில் இருக்கிறது.

கடையில் விளக்குக்கு நேராக நிறுத்தி வைத்தால் எல்லாப் படமும் பளபளக்கும். படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். கிருஷ்ணன் கழுத்து ஆரத்தில் ஒவ்வொரு மணிக்கும் தனியாக நிழல் விழுகிறதா? தூணில் கொடி ஓடும் இடத்தில் இலை ஒரு மேடாகவும் தண்டு அதைவிடத் தாழ்ந்தும் இருக்கிறதா? அப்படி இருந்தால் ஒருவர் உட்கார்ந்து மக்கு வேலை, அதாவது மாவுக் குழைவால் மேடு எழுப்பும் வேலை, செய்திருக்கிறார். எல்லாம் ஒரே உயரத்தில் மழுமழுவென்று இருந்தால் அவசரத்தில் பிதுக்கிவிட்டு மேலே ரேக்கை ஒட்டியிருக்கிறார்கள். அதன் மேல் 24 காரட் போட்டாலும் படம் எடுப்பாக இருக்காது.

ரேக்கு மிக மெல்லியது. அடியில் இருக்கும் மேடு பள்ளத்தை அப்படியே காட்டும், புதிதாக எதையும் உண்டாக்காது. நான் இந்த வேலையில் இருப்பவள். விலை கேட்பவர்கள் எல்லாரும் தங்கத்தைப் பற்றியே கேட்கிறார்கள். மக்கு யார் வைத்தது என்று கேட்டவர் மிகக் குறைவு. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 15

காரட் கணக்கு. 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 24 என்றால் சுத்தத் தங்கம். இரண்டுமே படத்துக்கு ஏற்றவைதான், இரண்டிலும் நல்ல படங்கள் இருக்கின்றன. பயப்பட வேண்டியது மூன்றாவது ரகத்துக்கு. செம்பும் துத்தநாகமும் கலந்த இமிடேஷன் ரேக்கு. புதிதில் அதுவும் தங்கம் போலத்தான் மின்னும். நம் ஊர் ஈரத்தில் சில மழைக்காலம் போனால் மங்கும், ஓரத்தில் கறுக்கும், சில இடத்தில் பச்சை பூக்கும்.

படத்தைச் சுரண்டிப் பார்க்க முடியாது. அதனால் படத்துக்குப் பயன்படுத்திய அதே ரேக்கில் வெட்டிய துண்டு ஒன்றைக் கேளுங்கள். வெட்டும்போது துண்டு மிஞ்சாமல் இருக்காது. நகைப் பட்டறையில் கொடுத்தால் ஒரு சொட்டு திராவகம் விட்டுப் பார்ப்பார்கள். பித்தளை நுரைத்துப் பச்சையாகும், தங்கம் அப்படியே கிடக்கும். துண்டு கொடுக்கத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

அக்டோபர் 17

பலாப் பலகைதான் அசல், பிளைவுட் எல்லாம் ஏமாற்று என்று கீழே ஒரு அண்ணன் காரசாரமாக எழுதியிருக்கிறார். இதற்கு விவரமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பலகைப் படம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள், அது சரி. பலா, தேக்குப் பலகைகளில்தான் அந்தக் காலத்தில் செய்தார்கள். ஆனால் பெரிய படம் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரே பலகையாக இருக்காது. இரண்டு மூன்று பலகைகளைச் சேர்த்து, குறுக்கே சட்டம் அடித்திருப்பார்கள். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், அதுவும் அகலவாக்கில்தான். நம் டெல்டாவில் கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே ஒரு பலகை படும் பாடு கொஞ்சமா? இணைப்பு விலகினால் மேலே இருக்கும் சுண்ணப் பூச்சில் கோடு விழும். பலகை மேல் துணி ஒட்டுவதில் பாதிக் காரணம் இதுதான். பலகையின் அசைவைத் துணி தாங்கிக்கொள்ளும். துணி ஒட்டாமல் பூசிய படம் சீக்கிரம் வெடிக்கும்.

பிளைவுட்டில் ஒரு அடுக்கு நெடுக்கே, அடுத்த அடுக்கு குறுக்கே. ஒன்றை மற்றொன்று இழுத்துப் பிடிப்பதால் அசைவு குறைவு. நல்ல தண்ணீர் தாங்கும் பிளைவுட்டாக இருந்தால் நான் அதையே எடுப்பேன், கூச்சமே இல்லாமல். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மட்டும் கூடாது. மலிவு, வழவழப்பு, எல்லாம் சரிதான். ஆனால் ஒரு மூலையில் தண்ணீர் ஏறினால் உப்பிவிடும், உப்பியது திரும்பாது. அக்கா, வாங்கும்போது பின்பக்க அட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அக்டோபர் 17, சற்று நேரம் கழித்து

துணி என்றதும் எந்தத் துணி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காடாத் துணி. கஞ்சி போக அலசிக் காயவைத்தது. முன்பு புளியங்கொட்டைப் பசையில் ஒட்டினார்கள், இப்போது பெரும்பாலும் ஃபெவிகால். புளியங்கொட்டைப் பசை நல்ல பிடிப்பு, ஆனால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. அதனால் பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கலப்பார்கள். பழைய கணக்குப் புத்தகம் கட்டியவர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள்.

அக்டோபர் 21

மழை பிடித்துக்கொண்டது. காலையில் வைத்த மக்கு இரவு வரை ஈரமாகவே இருக்கிறது. இந்த நாளில் வேலை பாதி வேகத்தில்தான் போகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்கா தை முகூர்த்தம் என்றீர்கள். ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள். ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செய்பவர் மார்கழிப் பனியில் அவசரப்படுவார். மக்கு உள்ளே காயாமல் ரேக்கு ஒட்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கோடையில் உள்ளே அடைபட்ட ஈரம் கிளம்பும்போது ரேக்கு அங்கங்கே தூக்கும்.

அக்டோபர் 24

மக்கு மக்கு என்று சொல்கிறீர்கள், அப்படியென்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சரி, முழுசாகவே சொல்கிறேன்.

துணி ஒட்டிய பலகையில் சாக்பவுடரும் கோந்தும் கலந்து பூச வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது, அதுவும் முதல் பூச்சுக்குக் குறுக்கே. கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உள்ளங்கைக்குத் துணி இழை தட்டுப்படக் கூடாது. அதன் மேல்தான் கோட்டோவியம். அப்புறம் நகைகளில் பதிக்கும் கல். கல் ஒட்டிய பிறகு மக்கு. இந்த வரிசை முக்கியம், காரணம் பின்னால் சொல்கிறேன்.

மக்கு என்பது சுக்கான் மாவு (சுண்ணாம்புக்கல் பொடி), சாக்பவுடர், கோந்து. மாவைத் துணியில் சலிக்க வேண்டும், ஒரு நறநறப்பு இருந்தாலும் தூரிகை நுனி காட்டிக்கொடுத்துவிடும். கோந்தை முதல் நாளே ஊறவைத்து வடிகட்டி, கல்லில் போட்டு மாவோடு அரைப்பேன். பதம்தான் எல்லாமே. தூரிகையில் எடுத்துக் கவிழ்த்தால் விழலாமா வேண்டாமா என்று நுனியில் நிற்கும். அந்தப் பதத்தில் பலகையில் தொட்டால் சொட்டு தானாக இறங்கி வட்டமாக உட்காரும். தூரிகையை இழுக்கக் கூடாது, வைத்துவிட்டு நேராக மேலே எடுக்க வேண்டும். இழுத்தால் மணிக்கு வால் முளைக்கும். தண்ணீர் கூடினால் பரந்து தட்டையாகும். கோந்து கூடினால் காயும்போது நடுவில் குழி விழும், இல்லாவிட்டால் விரிசல் விடும்.

ஆரம் ஒன்றில் மணி வைக்கும்போது ஒன்றுக்கு அடுத்ததை உடனே வைக்க முடியாது, ஈரத்தோடு ஈரம் சேர்ந்துவிடும். ஒன்று விட்டு ஒன்று வைத்துவிட்டுப் போய், அது இறுகியதும் இடைவெளியை நிரப்ப வேண்டும். மாலை, தூண், பிரபை, திரைச்சீலையின் விளிம்பு என்று ஒவ்வொன்றுக்கும் உயரம் வேறு. உயரமான இடத்துக்கு ஒரே தடவையில் குவிக்காமல் அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். காயவைப்பது நிழலில். வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும்.

அப்புறம்தான் ரேக்கு. மக்கு மேல் கோந்து தடவி, பிசுபிசுப்பு வரும்வரை பொறுத்து, ரேக்கை மெல்ல இறக்கிக் காய்ந்த தூரிகையால் ஒற்றுவோம். பள்ளங்களில் மழுங்கிய குச்சியால் அழுத்துவோம். கல்லை மூடிய இடத்தில் ஓரமாக வெட்டிக் கல்லைத் திறப்போம். வண்ணம் எல்லாவற்றுக்கும் பிறகு.

இப்போது பாருங்கள், இதில் தங்கம் வந்து சேர்ந்தது எத்தனையாவது வேலையாக? அதற்கு முன் போன உழைப்புக்குத்தான் நீங்கள் பெரும் பகுதி காசு கொடுக்கிறீர்கள், கொடுக்கவும் வேண்டும். எங்கள் தெருவில் மக்கு வைப்பவர்கள் அநேகமாகப் பெண்கள். சமையல் முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை குனிந்த தலை நிமிராது. படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. படம் விற்கும் இடத்தில் அவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

அக்டோபர் 25

கல் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கல்லை முதலில் பலகையோடு ஒட்டி, சுற்றி மக்கால் கரை கட்டி, அந்தக் கரை மேல் ரேக்கு ஏறினால் கல் பதிந்து உட்காரும், நகையில் பதித்த மாதிரி. ரேக்கு எல்லாம் முடிந்த பிறகு மேலே பசை வைத்துக் கல்லை ஒட்டியிருந்தால் துருத்திக்கொண்டு நிற்கும், ஒருநாள் உதிரும். அந்தக் காலத்தில் அரண்மனைப் படங்களில் நிஜமான கெம்பு, பச்சைக் கற்கள் வைத்தார்கள். இப்போது வருவது ஜெய்ப்பூர்க் கல். அதில் குறை ஒன்றும் இல்லை.

அக்டோபர் 28

"ராஜராஜ சோழன் காலத்துக் கலை" என்று ஒரு கடை அட்டையில் போட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் ஒரு தம்பி. அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருப்பவை சுவர் ஓவியங்கள், சுண்ணச் சாந்தின் மேல் தீட்டியவை. அவற்றின் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டி மூடியிருந்தது. அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதற்கும் ரேக்கு ஒட்டிய பலகைப் படத்துக்கும் நேரடிச் சொந்தம் கிடையாது.

பலகைப் படத்தின் வேர் விஜயநகரத்திலும் நாயக்கர்களிடமும் இருக்கிறது. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பிறகு ஓவியக் குடும்பங்கள் தெற்கே வந்தன. ராயலசீமைப் பக்கத்து ராஜுக்கள், தஞ்சாவூர் திருச்சி நாயுடுக்கள் என்று இந்தக் கலையை வளர்த்தவர்கள் பலர். 1676-ல் ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்த பிறகு மராட்டியர் காலத்தில், முக்கியமாக இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரை, இன்று நாம் பார்க்கும் முகமும் நகையும் கொண்ட வடிவம் செழித்தது. 1855-ல் அரச வம்சம் முடிந்ததும் படங்கள் பஜனை மடங்களுக்கும் செல்வந்தர் வீடுகளுக்கும் போயின. தெலுங்கு, மராட்டி, தமிழ் மூன்றும் கலந்த கலை இது. காவிரிக் கரை அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது. அதுவே பெருமைதானே? சோழனை இழுக்கத் தேவையில்லை. பழைய படங்களைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், புதுப் படம் வாங்கும் முன் கண்ணுக்கு ஒரு பழக்கம் வரும்.

அக்டோபர் 28, இரவு

அதே தம்பி அனுப்பிய இரண்டாவது படம் மைசூர்ப் பாணி. மேடு மிகத் தாழ்வு, கல் இல்லை, கோடு மெல்லியது. அழகான படம், வேறு குடும்பம்.

நவம்பர் 2

பலகையைப் பற்றி 17-ம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தாத்தா காலத்துப் பலகைப் படத்தை மாற்றிவிடலாமா?" என்று கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டதும் பதறிவிட்டேன். மாற்றாதீர்கள்! புதிதாகச் செய்வதற்கு எது தோது என்றுதான் நான் பேசினேன். வீட்டில் இருக்கும் பழைய பலகை விலைமதிக்க முடியாதது.

ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கோந்து தண்ணீரில் கரையும், அதனோடு வண்ணமும் மக்கும் போகும். பூஜைக்காகச் சந்தனம் குங்குமம் வைப்பதாக இருந்தால் மேலே இருக்கும் கண்ணாடியில் வையுங்கள். ஈரப் பூமாலையைச் சட்டத்தில் சாத்தினால் தண்ணீர் வடிந்து கீழ் விளிம்பில் இறங்கும். பெரும்பாலான பழைய படங்களில் பாதத்துப் பக்கம் அழிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எங்கள் அத்தை வீட்டில் ஒரு ராமர் பட்டாபிஷேகம் இருந்தது. நான் இந்த வேலைக்கு வந்ததே அதைப் பார்த்துப் பார்த்துத்தான். சீதையின் முகத்தில் சுண்ண வெள்ளை கொஞ்சம் மஞ்சளோடி, கன்னத்தில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும். கண்ணாடி உடைந்தது என்று மாற்றக் கொடுத்த இடத்தில், அத்தையைக் கேட்காமலே "புதுப்பித்து" விட்டார்கள். ஐந்து முகங்களுக்கும் பளபளப்பான பெயிண்ட், புருவம் கறுப்பில் வில் மாதிரி. ராமரும் லட்சுமணரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். அந்தப் பெயிண்டை எடுத்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் தொடவில்லை. அத்தை இன்னும் அதற்கு விளக்கேற்றுகிறார். எனக்கு அந்த அறைக்குள் போகவே மனம் வருவதில்லை.

பழையதை யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால் முகத்தைத் தொடக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 5

முகம் என்றதால் இது. பலகைப் படத்தில் கண் கடைசி. நகை, ஆடை, மண்டபம் எல்லாம் முடிந்து, முகத்துக்கு நிழல் கொடுத்து, அதற்குப் பிறகே கருவிழி. கண் திறப்பது என்போம். என் ஆசிரியர் அதை விடியற்காலையில், குளித்துவிட்டு, யாரோடும் பேசாமல் செய்வார். எனக்கும் அது பழகிவிட்டது. பக்தி ஒரு பக்கம், கை நடுங்காத நேரமும் அதுதான்.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் இது தலைகீழ். கண்ணாடியின் பின்பக்கம் தீட்டி முன்பக்கம் பார்ப்பதால் கண்ணும் நகைக் கோடும்தான் முதலில், பின்னணி கடைசியில். முதல் கோட்டிலேயே சாமி உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த வேலை செய்பவர்களின் துணிச்சலை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கும்.

நவம்பர் 9

புவிசார் குறியீடு இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கினால் போதாதா என்று ஒரு கேள்வி. தஞ்சாவூர் ஓவியத்துக்குக் குறியீடு கிடைத்திருக்கிறது, அது நல்லதுதான். அது ஊரையும் முறையையும் சொல்லும். உங்கள் கையில் இருக்கும் படத்தில் மக்கு காய்ந்ததா என்று அது சொல்லாது. அதற்கு டார்ச்தான்.

சென்னையிலும் பெங்களூரிலும் வகுப்பில் கற்றுக்கொண்டு வரைபவர்கள் மேல் சிலருக்குக் கோபம். எனக்கு இல்லை. ஒரு தடவை மக்கு வைத்துப் பார்த்தவர் அடுத்த தடவை கடையில் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேச மாட்டார்.

நவம்பர் 12

அக்கா திருவையாற்றில் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். நல்லது. மக்கு முடிந்து ரேக்கு ஒட்டுவதற்கு முன் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில். அப்போது படம் முழுக்க வெள்ளையாக இருக்கும். கோணல் ஏதாவது இருந்தால் அந்தக் கட்டத்தில்தான் கண்ணில் படும், திருத்தவும் முடியும். நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகவே அனுப்புவார், அந்தக் கட்டத்தைக் கேட்டுப் பார்க்க ஒரு ஆள் இருப்பதே எங்களுக்கு அபூர்வம்.

சட்டம் தேக்கில் போடச் சொன்னீர்கள், சரி. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரத்தில் மெல்லிய ரீப்பர் வைத்து இடைவெளி விடச் சொல்ல மறக்காதீர்கள். மேடான மணிகள் கண்ணாடியில் பட்டால் மழைக்காலத்தில் ரேக்கு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சீர்வரிசையோடு வண்டியில் ஏற்றும்போது நிறுத்திவாக்கில் கொண்டு போங்கள், மேலே வெற்றிலைத் தட்டு எதையும் அடுக்க விடாதீர்கள்.